கட்டைவிரல் தடம்

நாடகக் குழுவில் அவளுக்கு மேசையக்கா என்று பெயர். திரைக்குப் பின்னால் கிடக்கும் நீள மேசைதான் அவள் ராஜ்ஜியம். நடிகர்கள் கையில் எடுக்கும் குடை, கோப்பை, கத்தி எல்லாவற்றுக்கும் அதில் வெள்ளை டேப்பால் கட்டம் போட்டு, பெயரும் எழுதி வைத்திருந்தாள். எடுத்தவர் அதே கட்டத்தில் திரும்ப வைக்க வேண்டும். அடுத்தவர் பொருளைத் தொட்டால், இயக்குநரே ஆனாலும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்.

புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்கு அழுகையே வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள், அதுவும் உறைக்கவில்லை. கல்லுக்காவது வெயிலில் சூடு ஏறும். ஒன்றை மட்டும் அவள் விடவில்லை: அவருடைய மூக்குக்கண்ணாடி. வலது லென்ஸில் அவர் கட்டைவிரல் தடம் அப்பியிருந்தது. மனுஷர் ஆயுசில் அதைத் துடைத்தவரில்லை. "ஒருநாள் நானே தொடைச்சு வச்சிடறேன் பாருங்க" என்று வருஷக்கணக்காக மிரட்டியவள், இப்போது அதை யாரையும் தொடவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள்.

அன்று மதியக் காட்சிக்கு மணி அடிக்கப் போகிற நேரம். அப்பா வேஷக்காரர் நாடகக் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்து அதை இரண்டாக்கிவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் முதல் காட்சியே இல்லை. இயக்குநர் பதறிப்போய் அங்குமிங்கும் ஓடினார். மேசையக்கா கைப்பையைத் திறந்து புருஷனின் கண்ணாடியை எடுத்தாள். லென்ஸ் இருந்தால் மேடை விளக்கு பட்டு மின்னும். நடிகரின் கண்ணே தெரியாது. சின்னத் திருப்புளியால் பிரேமைத் தளர்த்தி, விளிம்பை மட்டும் பிடித்து இரண்டு லென்ஸையும் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தாள்.

நாடகம் நல்லபடியாக முடிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அவள் மேசையின் ஒரு கோடியில் ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றாக எடுப்பாள், துடைப்பாள், வைப்பாள். பழகிய கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது; மனசு எங்கோ கிடந்தது. மறுகோடிக்கு வந்தபோது கையில் லென்ஸ் பளிச்சென்று இருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மற்றதையும் பார்த்தாள். இரண்டிலும் தடம் இல்லை.

இப்போதாவது அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை.

அப்பா வேஷக்காரர் பிரேமைப் பதனமாக ஏந்திக்கொண்டு வந்தார். "உங்க வீட்டுக்காரரோடதுன்னு இப்பதான் சொன்னாங்க. நான் தொடைக்கக்கூட இல்லம்மா, அப்படியே கொண்டாந்துட்டேன். லென்ஸ மாட்டி வச்சுக்குங்க."

"வேணாம்ண்ணே. நாளைக்கும் இதையே போட்டுக்குங்க."

அவர் பிரேமை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிரேமில் ஒட்டியிருந்த சாயத்தைத் துடைத்து, 'அப்பா கண்ணாடி' என்று எழுதிய கட்டத்தில் வைத்தாள். லென்ஸ் இரண்டும் இன்னும் கையிலேயே இருந்தன. மேசையில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.