எல்போர்டு திரும்பிப் படுத்த நாள்

1

இந்தக் கதை நான் ஒரு சத்தியத்தை மீறியதால் உண்டானது. வாசகர்களிடம் மறைத்துப் பயனில்லை.

"நாளைக்குக் காலைல ஸ்கேன். அவருக்கு லீவு கிடைக்கல. நீ கூட வா. ஆனா எழுதக்கூடாது" என்று தங்கை போனில் சொன்னாள்.

"எழுத மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். என் நேர்மை பற்றி உங்களுக்கு எந்தப் பிரமையும் வேண்டாம்.

அன்று எழுதிய முதல் வரி இது: [தாய்மை என்பது ஒரு பெண்ணுக்குள் மெல்லப் பரவும் விடியல்.] அடித்தது தெரியட்டும் என்று அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன். என் தங்கை தினமும் ஐந்தரை மணிக்கு விடியலை நேரில் பார்க்கிறவள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்த யாரும் இரண்டையும் ஒப்பிட மாட்டார்கள்.

இரண்டாவது வரி: [வயிற்றில் கை வைத்தபடி அவள் ஜன்னலோரம்] மருத்துவமனையில் நாங்கள் காத்திருந்த இடத்தில் ஜன்னல் இல்லை. அவள் கையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

மூன்றாம் நாள் இந்தக் காகிதங்கள் அவளிடம் மாட்டிக்கொண்டன. அது எப்படி என்று பிறகு சொல்கிறேன். இனிமேல் அடைப்புக்குறிக்குள் 'தங்கை' என்று வருவதெல்லாம் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியவை.

[தங்கை: பிஸ்கட் பாக்கெட் உன்னோடது. நான் பிடிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன்.]

2

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினோரு வருடமாக அதுதான் வேலை. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் ஆசிரியைக்கு இன்னொரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் தனி ஆளாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் யாராவது தண்ணீர் ஜாடியை வேகமாக நகர்த்தினால், மேசைக்கு அடியில் அந்தக் கால் தரையை மிதிக்கும்.

வயிற்றில் இருப்பதற்கு அவள் வைத்த செல்லப் பெயர் எல்போர்டு. ஓட்டப் பழகுகிறவர்களின் வண்டியில் தொங்குமே அந்தப் பலகை, அதுதான். அவள் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அவர் வாரங்களை மாடிகளாகத்தான் எண்ணுவார். "இன்னிக்கு இருபதாவது மாடி" என்று அன்று காலை ஏழு மணிக்கே போன் செய்தார். நாற்பது மாடிக் கட்டடம். இருபது வாரம் முடிந்து, சரியாகப் பாதி வழி.

இப்படிப்பட்ட இருவருக்கு நடுவில் ஒரு கதாசிரியைக்கு உவமை தேடும் வேலையே மிஞ்சுவதில்லை.

3

ஏன் எழுதக்கூடாது என்றாள்?

இரண்டு வருடத்துக்கு முன்பும் அவள் உண்டாகியிருந்தாள். செய்தி கேட்ட வாரமே, வரப்போகும் குழந்தையைப் பற்றி நான் ஒரு கதை எழுதினேன். அதற்குப் பெயர் வைத்தேன். பள்ளிக்கூடம் அனுப்பினேன். முன்பல் விழுந்ததைக்கூட எழுதினேன். எழுதியதை ஒரு பத்திரிகைக்கும் அனுப்பிவைத்தேன்.

நான்காம் மாதம் ஒரு ஸ்கேனில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ரொம்ப நேரம். அதற்குப் பிறகு எட்டாவது நாள் கதை அச்சில் வந்தது. ஓவியத்தோடு.

தங்கை என்னைக் கோபித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. என் குற்றவுணர்ச்சியை அழகான தமிழில் விவரித்திருந்தேன். அழகாக இருந்ததால்தான் எடுத்துவிட்டேன்.]

4

சரி, ஒன்பதரை மணி, மருத்துவமனை. முதலில் எடை.

தங்கை செருப்பைக் கழற்றினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அடுத்து சாவிக்கொத்து, போன், தோடு, கடைசியாகத் தலையில் இருந்த கிளிப்.

"போதும்மா, அவ்வளவுதான் கழட்ட முடியும். ஏறுங்க" என்றார் நர்ஸ்.

ஏறினாள். நர்ஸ் எண்ணைச் சொன்னார்.

"மூச்ச வெளிய விட்டுட்டு மறுபடி ஒரு தடவ பாக்கலாமா?"

"மூச்சுக்கு எடை கிடையாதும்மா."

"என்னோடதுக்கு இருக்கு. பெருமூச்சு."

அடுத்தது ரத்த அழுத்தம். நர்ஸ் பட்டையை அவிழ்த்தபடி, "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே. வேகமா நடந்து வந்தீங்களா?" என்றார்.

"இல்ல. எங்க அக்கா கார் ஓட்டிக்கிட்டு வந்தா. அதுக்குன்னு ஒரு பத்து கழிச்சுக்கங்க."

நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார்.*

பிரசவ டாக்டர் வரிசையாகக் கேட்டார். கால் வீக்கம்? சாயங்காலத்தில் மட்டும். நெஞ்செரிச்சல்? காலையில் தொடங்கி மறுநாள் காலை வரை. அசைவு தெரிகிறதா?

"ரெண்டு வாரமாத் தெரியுது. மொதல்ல வாயுன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் பாதி வாயுதான் டாக்டர்."

* வரும் வழியில் பதினாறு இடங்களில் அவள் கால் தரையை மிதித்தது. எண்ணினேன்.

[தங்கை: பதினெட்டு.]

5

ஸ்கேன் அறையில் விளக்கு மங்கலாக இருந்தது. தங்கை படுக்கையில் படுத்துச் சட்டையை மேலே ஏற்றிக்கொண்டாள். முகக்கவசம் போட்ட பெண் டாக்டர் அவள் வயிற்றில் ஜெல்லைத் தடவினார்.

"ஃப்ரிட்ஜ்லயா வச்சிருந்தீங்க?" என்றாள் தங்கை.

டாக்டர் பதில் சொல்லவில்லை. கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். அழுத்தினார். சாய்த்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ புகைந்தது. ஒரு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் ஆனது. டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. காலைப் பார்த்தேன். வலது பாதம் முன்னோக்கி வளைந்து காற்றை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தி, அப்படியே நின்றது. அந்த அறையில் எங்கேயும் பிரேக் இல்லை.

[அவள் கண்களில் நீர் திரண்டது.]

[தங்கை: திரளல. பொய் எழுதாத.]

"டாக்டர், ஏதாவது பேசுங்க" என்றாள்.

"பாக்கும்போது பேசக்கூடாது."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். தங்கை தலையைத் தூக்கிப் பார்த்தாள். மெதுவாகத் தலையைத் திரும்பவும் தலையணையில் போட்டாள்.

"அக்கா, ரிவர்ஸ் மேடம்" என்றாள் என்னிடம்.

மாணவர்கள் எல்லோருக்கும் அவள் பட்டப்பெயர் வைப்பாள். இவர் முப்பது வகுப்புக்குப் பணம் கட்டி இருபத்து மூன்று வகுப்பு வந்தவர். முன்னால் ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. பின்னால் எடுக்கும்போது மட்டும் பதற்றத்தில் பேசிக்கொண்டே இருப்பாராம். "பேசாதீங்க, கண்ணாடியப் பாருங்க" என்று இவள் அதட்ட, அவர் வாயை மூடிக்கொண்டு, பயிற்சிப் பள்ளியின் பெயர்ப்பலகையையே இடித்துச் சாய்த்தார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

(இந்தச் சந்திப்பு என் கற்பனையாக இருந்திருந்தால் வெட்டியிருப்பேன். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்ப மாட்டார். நடந்துவிட்டது, நான் என்ன செய்யட்டும்?)

"அது ரோட்டுக்குச் சொன்னது மேடம். இங்க பேசிக்கிட்டே பாருங்க" என்ற தங்கை கொஞ்சம் நிறுத்தினாள். "போன தடவ டாக்டர் இப்படித்தான் பேசாம இருந்தாரு."

டாக்டரின் கை நின்றது. ஃபைலை ஒருமுறை புரட்டினார். நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலத் தொடங்கினார்.

"இது தலை. சுத்தளவு சரியா இருக்கு. இது முதுகுத்தண்டு, முத்து கோத்த மாதிரி இருக்கு பாருங்க. கிட்னி, ரெண்டும் இருக்கு. தொடை எலும்பு. இது கால்."

"வலதா, இடதா?"

"வலது."

"நல்லாப் பாருங்க. அதான் எங்க வீட்டுல முக்கியம். இதயம்?"

"அதுதான் காட்ட மாட்டேங்குது. குப்புறப் படுத்து முதுக நமக்குக் காட்டுது. எலும்போட நிழல் விழுந்து மறைக்குது. துடிப்பு நல்லா இருக்கு, அதுல பயம் இல்ல. ஆனா நாலு அறையும் தனித்தனியாப் பாத்தாத்தான் நான் சரின்னு எழுத முடியும். போய் அரை மணி நேரம் நடங்க. சில்லுன்னு ஏதாவது குடிங்க. திரும்பிப் படுக்குதான்னு பாப்போம்."

6

இனி அரை மணி நேரத்தில் நடந்தவை.

குளிர்ந்த பழச்சாறு ஒன்றை வாங்கிக் குடித்தாள். நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். நடந்துகொண்டே வயிற்றைப் பார்த்து வகுப்பெடுத்தாள்.

"கண்ணாடி பாரு. பின்னால யாரும் வரல. இண்டிகேட்டர் போடு. அப்படியே மெதுவா லெஃப்ட் எடு."

பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாவுக்கட்டுக்காரர் நான்கு நடை வரை பொறுத்துப் பார்த்தார். ஐந்தாவது நடையில், "ரைட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கம்மா. சில பேருக்கு லெஃப்ட் வராது" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள், "பாட்டு பாடினாத் திரும்பும்" என்றார். "யாரு பாடறது?" என்று மாவுக்கட்டுக்காரர் கேட்டதும், எல்லோரும் ஏனோ என்னைப் பார்த்தார்கள். நான் பாடினேன். என்ன பாடினேன் என்பது கதைக்கு முக்கியமில்லை.

[தங்கை: பல் தேய்க்கிற விளம்பரப் பாட்டு.]

விஷயத்தைக் கணவருக்குச் செய்தியாக அனுப்பியிருந்தாள்; அப்போது அவருடைய போன். "திரும்பிடுச்சா? இன்னும் இல்லையா? சரி, லிஃப்ட்ல ஏறுங்க. அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் எனக்குத் தெரியும். நாலாவது மாடில நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். நாந்தான் சரிபண்ணணும், தள்ளிப்போட்டுட்டேன். நல்லதாப் போச்சு."

மூன்று முறை ஏறி இறங்கினோம். சொன்னபடியே குலுக்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தங்கை சிரித்தாள். மூன்றாவது முறை லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். கதவு மூடியதும் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, இதயம் சரியில்லன்னா என்ன பண்றது?"

வார்த்தைகளை வைத்துத் தொழில் நடத்துகிறவள் நான். [எது வந்தாலும் நாம் சேர்ந்து] என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதை இதற்கு முன் என் மூன்று கதைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. நான்காம் மாடிப் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினேன். அவள் என் சட்டையின் கை நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் சாலை கடக்கும்போது பிடித்த மாதிரி. குலுக்கியது. இறங்கினோம்.

7

மறுபடி படுக்கை, மறுபடி ஜெல். மறுபடியும் அதே முதுகு.

டாக்டர் ஒரு பக்கம் பார்த்தார். மறு பக்கம் பார்த்தார். தங்கையின் கால் மெல்ல முன்னோக்கி வளையத் தொடங்கியது. டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் திரையைப் பார்த்துச் சொன்னார்:

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியல போலிருக்கு. என்ன மாதிரி."

முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு தங்கை. அவளுக்கு மூக்கால் சிரிப்பு வரும்; அது தொடங்கினால் நிற்காது. வயிறு குலுங்கியது, கருவி வழுக்கியது, டாக்டரும் அடக்கிப் பார்த்துத் தோற்று நாற்காலியோடு பின்னால் போனார். திரையில் படம், பள்ளத்தில் இறங்கிய வண்டி போல எகிறிக் குதித்தது. அந்தக் குதிப்பின் நடுவே, அதுவரை சலனமே இல்லாமல் கிடந்த எல்போர்டு ஒரு காலை உதறி, முதுகை வளைத்து, உருண்டது.

"அசையாதீங்க. சிரிக்காதீங்க. அப்படியே இருங்க" என்று டாக்டர் பாய்ந்து வந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது பேசுவாராமே, இப்போது அதே வேகத்தில் பேசினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு அறையும் இருக்கு. நடுச்சுவர் முழுசா இருக்கு. வால்வு பாருங்க, தெறந்து மூடுது, தெறந்து மூடுது. ரெண்டு ரத்தக்குழாயும் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்காப் போகுது, அப்படித்தான் போகணும். எல்லாம் சரியா இருக்கு."

 தங்கையின் கால் தளர்ந்து பக்கவாட்டில் சரிந்து கிடந்தது.

[தங்கை: இங்க திரண்டது. இத எழுதிக்கோ.]

கடைசியாக டாக்டர் ஒன்று சொன்னார். "நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழ ஒட்டியிருக்கு. இந்த மாசத்துல நெறையப் பேருக்கு அப்படி இருக்கும். கர்ப்பப்பை வளர வளர மேல போயிடும், பெரும்பாலும். முப்பத்திரெண்டாவது வாரம் மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க. ரத்தம் பட்டா உடனே வந்துடுங்க."

"வேலைக்குப் போலாமா?"

"போலாம்." டாக்டர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "எனக்கு இன்னும் ஏழு க்ளாஸ் பாக்கி இருக்கு மேடம்."

8

மூன்றாம் நாள் மாலை தங்கை ஸ்கேன் ஃபைலைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். ஃபைல் என் மேசையில் இருந்தது. அதன் அடியில் இந்தக் கதை இருந்தது.

நான் சமையலறையில் நின்று, அவள் பக்கம் புரட்டும் சத்தத்தை எண்ணினேன். பென்சில் உரசும் சத்தமும் கேட்டது. மூன்றாம் பகுதி வந்திருக்கும் என்று நினைத்தபோது எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு அவள் கூப்பிட்டாள்.

"அந்தப் பத்திரிகை எங்கிட்டதான் இருக்கு. எத்தன தடவ படிச்சிருக்கேன் தெரியுமா?"

"மன்னிச்சிடு."

"அதுல முன்பல்லு விழுமே, அந்த இடம் நல்லா இருந்தது." பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள். "வேற எங்கயும் அதுக்குப் பல்லு மொளைக்கலையே அக்கா."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

பிறகு அவள் கடைசிப் பக்கத்தைத் தேடினாள். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. முதலாவது: [முப்பத்திரண்டாம் வாரம் எல்லாம் சரியாகி, ஒரு மழைநாளில்] அதை முழுக்கப் படிக்காமலே அடித்தாள். "பொறந்த மாதிரி எழுதாத." இரண்டாவது: ஸ்கேன் டாக்டர் ஓட்டுநர் தேர்வில் தேறி, வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து வாழ்த்துச் சொல்கிறார். "அவங்க பாஸாகறது கதையிலகூட நடக்காது" என்று அதையும் அடித்தாள்.

"அப்ப எப்படித்தான் முடிக்கறது?"

"எழுது. ஆனா இன்னிக்கு வரைக்கும்தான் எழுதணும். நாளைக்கு நடக்கப்போறது உனக்குத் தெரியாதுல்ல? தெரியாதத எழுதாத."

9

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு இல்லை. இருக்கிறது, என்னிடம் இல்லை.

இன்று இருபத்தோராவது வாரம், மூன்றாம் நாள். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். நஞ்சுக்கொடி மேலே போனதா இல்லையா என்பது நீங்கள் இருக்கும் நாளில் யாருக்கோ தெரிந்திருக்கும். எனக்குக் கிடைக்காத அந்த நாட்களெல்லாம் உங்களிடம் இருக்கின்றன. முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போலப் பார்த்து வையுங்கள்.

தங்கை எதிரே சோபாவில் படுத்திருக்கிறாள். அவள் வயிற்றின் மேல் ஃபைல் இருக்கிறது. ஃபைல் இப்போது அசைந்தது. யாரும் தொடவில்லை.

"அக்கா, சீக்கிரம் வா. வெளியவே தெரியுது. கையக் குடு."

"ஒரே ஒரு வரிதான் பாக்கி."

"வரி எங்கயும் ஓடிடாது. இது நின்னுடும்."

இடது கையை நீட்டினேன். அந்தக் கை சில்லென்று இருக்கிறதாம், வலது கை வேண்டுமாம். வலது கையில் பேனா இருக்கிறது. ஆகவே