உருட்டுக்கட்டைக்கு ஓர் அச்சு

வீட்டின் பின்னறையில் இருந்த சி.என்.சி. ரவுட்டரை உறுப்பு உறுப்பாக வாங்கித் தன் கையாலேயே பூட்டியவள் அக்கா. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் போதும், சுழலும் ஊசியை அங்குமிங்கும் நகர்த்தி அதே படத்தை மரத்தில் செதுக்கிவிடும். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. மீதிப் பொழுதெல்லாம் இந்த இயந்திரத்தோடுதான். பஸ் ஓட்டும் அவள் கணவர் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தார். வேலை முடிந்து வந்தால், "என் சக்களத்தி சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அந்தச் சக்களத்திக்கு ஒரு குறை உண்டு. தட்டையான பலகையில் எதை வேண்டுமானாலும் செதுக்கும். உருண்டைக் கட்டையைக் கொடுத்தால் கையை விரித்துவிடும். மேலே தெரியும் பக்கத்தை மட்டும்தான் ஊசி எட்டும். தங்கை வந்து தங்கும்வரை அக்காவுக்கு அது குறையாகவே படவில்லை.

தங்கை பள்ளியில் விளையாட்டு டீச்சர். மழை ஈரத்தில் மைதானத்துப் படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். அவளைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுவந்தபோது அங்கே வேலையில் இருந்தது அக்காதான். வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திரையில் எலும்பு இரண்டாக விலகி நிற்பதைப் பார்த்தாள். வெளியே வந்து, தங்கையிடம் சின்ன விஷயம்தான் என்று முகத்தை இறுக்கிக்கொண்டு பொய் சொன்னாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மெல்ல மெல்லக் கூடியும் விட்டது. ஆனால் அக்கா வீட்டுக்கு வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியக் கைத்தடி கதவுக்குப் பின்னால் தூசி படிந்து நின்றது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பாள். கடைவரை போய் வரலாமா என்றால் உடனே தலை வலிக்கும்.

தடி பார்க்க நன்றாக இல்லை, கூச்சப்படுகிறாள் என்று அக்கா தானாகவே ஒரு கணக்குப் போட்டாள். கொடி சுற்றிப் படர்ந்த மாதிரி ஒரு மரத்தடி செய்து கொடுத்தால் ஆசையாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கொடி சுற்ற வேண்டுமென்றால் கட்டை சுழல வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு சுழல் அச்சைத் தானே செய்துவிடுவது என்று இறங்கினாள்.

கட்டையைக் கவ்விப் பிடிக்க, பழைய டிரில்லில் இருந்து 'சக்' என்கிற வாய்ப்பகுதியைக் கழற்றினாள். அதை ஒரு தண்டில் மாட்டி, தண்டை இரண்டு பேரிங்குகளில் உட்கார வைத்தாள். சின்ன மோட்டாரிலிருந்து பெல்ட் ஓடி அதைச் சுழற்றும். கட்டையின் மறுமுனையைத் தாங்க, கூராக்கிய போல்ட் ஒன்று. இனி ஊசியை முன்னும் பின்னும் நகர்த்துகிற மோட்டாரின் வயரைப் பிடுங்கி, இந்தப் புது மோட்டாருக்குக் கொடுத்தால் தீர்ந்தது. நேராக நகர்வதாக இயந்திரம் நினைத்துக்கொண்டிருக்கும். உண்மையில் கட்டை உருளும். அதை ஏமாற்றுகிற வேலைதான்.

உருட்டுக்கட்டை செய்யப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் கணவர், அது தன் முதுகுக்கா என்று விசாரித்தார். இப்போதைக்கு இல்லை என்றாள் அக்கா.

முதல் சோதனைக்குப் பழைய துடைப்பக் கம்பு பலியானது. சுருள் சுருளாக ஒரு பள்ளம் வர வேண்டும். சக் பக்கம் ஊசி லேசாகக் கீறியது. போல்ட் பக்கம் போகப் போக ஆழமாக இறங்கி, கடைசியில் கம்பைத் தின்றேவிட்டது. ஊசியை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். கம்புகள் தீர்ந்தனவே தவிர பள்ளம் ஒரே சீராக வரவில்லை.

சத்தத்தைக் கேட்டு, சுவரைப் பிடித்தபடி வந்த தங்கை தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தாள். ஊசி ஓடுவதையே பார்த்தாள். பிறகு, போல்ட் இருக்கும் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றாள். நின்றபடி மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த அக்கா குனிந்து பார்த்தாள். தங்கையின் கண் மட்டத்திலிருந்து பார்த்தால் கம்பு சாய்ந்து கிடந்தது பளிச்சென்று தெரிந்தது. சக் பக்கத்துப் பேரிங்குகளுக்கு அடியில் மெல்லிய தகரத் துண்டைச் செருகி ஓட்டினாள். பள்ளம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே ஆழத்தில் வழிந்து போனது. இருவரும் மாறி மாறி அதை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அக்கா கம்ப்யூட்டர் திரையை மறைக்க மறந்துவிட்டாள். கொடி சுற்றிய கைத்தடி அதில் நீளமாகக் கிடந்தது.

"இது எனக்கா?" என்றாள் தங்கை.

அக்கா தலையாட்டினாள்.

"தடி அழகா இல்லைன்னுட்டா நான் வெளிய போகாம இருக்கேன்? மறுபடியும் விழுந்துருவேன்னு பயமா இருக்குக்கா. அன்னைக்குப் பிள்ளைங்க எல்லாம் பாத்துட்டு இருந்தாங்க. நான் போட்ட கத்தல் இன்னும் அவங்க காதுல இருக்கும்ல?"

அக்கா இயந்திரத்தை அணைத்துவிட்டு, தரையில் சிதறிய மரத்தூள் மேலேயே உட்கார்ந்தாள்.

"அன்னைக்குச் சின்ன விஷயம்னு சொன்னது பொய்டி."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லிருச்சு."

"கடைசியா எடுத்த படத்தையும் நான்தான் பாத்தேன். நல்லா கூடியிருக்கு. இது பொய் இல்ல. வேணும்னா என் மூஞ்சியைப் பாரு."

தங்கை உண்மையிலேயே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் பேச்சை மாற்றினாள். ரிலே ஓட்டத்தில் கைமாற்றுகிற கட்டையை இதில் செய்ய முடியுமா என்று கேட்டாள். பள்ளியில் தண்ணீர்க் குழாயை வெட்டித்தான் வைத்திருக்கிறார்களாம். கை வியர்த்தால் நழுவிப்போகிறதாம்.

தடிக்கென்று வாங்கி வைத்திருந்த மரம் அப்படியே கட்டைகளாயிற்று. விரல் பதிய வளையம் வளையமாகப் பள்ளம். தங்கை ஒவ்வொன்றையும் கையில் பிடித்துப் பார்த்து, ஒன்று தடிமன், ஒன்று கனம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒருநாள், தன் கைக்கு அளவு பார்த்து என்ன பயன், ஓடப்போவது பிள்ளைகள்தானே என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த அலுமினியத் தடியை எடுத்துத் துடைத்தாள். மரத்தடி ஒன்று செய்யட்டுமா என்று அக்கா கேட்கவில்லை.

அக்காவின் கணவர் விடுப்பெடுத்து இருவரையும் பள்ளிக்குக் காரில் கூட்டிப்போனார். மைதானத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். கத்தலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. காலுக்குள் கம்பி இருப்பது நிஜமா, காந்தம் ஒட்டுமா என்பதுதான் அவர்களுடைய கவலை.

"ஒட்டாது. நானே வச்சுப் பாத்துட்டேன்" என்றாள் தங்கை.

முதல் கைமாற்றலிலேயே புதுக் கட்டை மண்ணில் விழுந்தது. வேலியோரம் நின்ற அக்கா, பள்ளம் போதவில்லையோ என்று எட்டிப் பார்த்தாள். தங்கையோ, வாங்குகிறவள் திரும்பிப் பார்த்ததுதான் தப்பு, கட்டை மேல் பழி போடாதே என்று பழைய குரலில் அதட்டி மறுபடி ஓட விட்டாள். அடுத்த முறை கட்டை கைக்குக் கை சரியாகப் போய்ச் சேர்ந்தது.

வீடு திரும்பும்போது தங்கை தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொன்னாள். தடியை ஊன்றி இறங்கினாள். பிடிக்க நீண்ட கையை அக்கா பின்னுக்கு இழுத்துக்கொண்டு, நாலடி தள்ளிப் பின்னால் நடந்தாள். தங்கை தெருக்குழாய்ப் பக்கம் தேங்கியிருந்த தண்ணீரருகே ஒருகணம் நின்றாள். பிறகு தடியை அந்தப் பக்கம் வைத்து, அதைத் தாண்டிப் போனாள்.