நனைந்த சாம்பல்

எரிமலை வெடித்து அன்று மூன்றாம் நாள். நண்பகல்தான் என்றாலும் வெளியே அந்திபோல் மங்கிக் கிடந்தது. சாம்பல் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தால் கனமே தெரியாத நுரைக்கற்களும் அவ்வப்போது கூரையில் டக் டக்கென்று விழுந்தன.

ஜல்லி உடைக்கும் கிரஷரில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் மேஸ்திரிக்குத் தூசி என்றால் ஒரே மருந்துதான் தெரியும்: தண்ணீர். காலையில் ஏணியில் ஏறிக் குழாயைப் பிடித்து, தகரக் கூரைமேல் சாண் உயரம் கிடந்த சாம்பலைச் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டார். "தண்ணி எதுக்குங்க, தள்ளிவிட்டாப் போதுமே" என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தூசி அடங்கத்தான் செய்தது. ஆனால் சாம்பல் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டது. பதினொரு மணிக்கு உத்தரம் முனகியது. அரைமணியில் கூரை தொந்தி போட்டது. நிலைச்சட்டம் நசுங்கி வாசற்கதவு இறுகிப்போனது. கொல்லைக் கதவுக்கு வெளியே சரிந்து விழுந்த சாம்பல் இடுப்பளவுக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்தது.

மேஸ்திரி நீளப் பெஞ்சை நிமிர்த்தி உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வழவழப்பான தரை. பெஞ்சு சறுக்காமலிருக்க, அடியில் உட்கார்ந்து முதுகால் அழுத்திக்கொண்டார்.

மனைவியின் அண்ணன் ஜன்னல் கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. வாய்க்காகவே 'வக்கீல்' என்று பட்டம் வாங்கியவர்.

"மாப்பிள்ளை, எரிமலையையே குளிப்பாட்டின ஆளுய்யா நீங்க!"

"வாதத்தை அப்புறம் வைங்க மச்சான். ஸ்க்ரூவைக் கழட்டுங்க."

"எட்டுல ஏழு வந்தாச்சு. எட்டாவது உங்க ஜாதி. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

கடைசியில் அதுவும் வந்தது. மனைவி முதலில் வெளியேறினாள். வக்கீல் வயிற்றை எக்கிக்கொண்டு பின்னாலேயே குதித்தார்.

"என்னங்க, நீங்களும் வாங்க!"

"நான் எழுந்தா பெஞ்சு சறுக்கும். ஜன்னலுக்கு நாலு எட்டு. அதுக்குள்ள கூரை வந்துடும்."

அவள் மண்வெட்டியோடு ஏணியில் ஏறுவது கேட்டது. ஒரு சுரண்டல், தொப்பென்று ஒரு கட்டி விழுந்தது. கூரை ஜன்னல் பக்கமாகவே சரிந்திருந்ததால், தள்ளியதெல்லாம் ஜன்னல் முன்னால்தான் குவிந்தது. கீழ்ப்பாதி மறைந்தது. வக்கீல் வாரி வாரிப் பார்த்தார், மாளவில்லை.

"ஜன்னல் மூடுதுங்க! நிறுத்தவா?"

வெளிச்சம் ஒரு முழம்தான் மிச்சம். கந்தக நெடி தொண்டையை அறுத்தது. மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் பெஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது.

"தள்ளு! மூடின ஜன்னலைத் தோண்டிக்கலாம். நசுங்கினவனைத் தோண்டி என்ன செய்வே?"

முழம் சாணாயிற்று. சாண் விரற்கடையாயிற்று. பிறகு இருட்டு. மேலே மண்வெட்டிச் சத்தம் மட்டும். அறுபதுவரை எண்ணினார், அப்புறம் எண்ணிக்கை தப்பியது. எப்போது என்று தெரியவில்லை, பெஞ்சின் நடுக்கம் நின்றிருந்தது. மெல்ல முதுகை எடுத்தார். சறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விலகினார். உத்தரம் ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

தவழ்ந்துபோய் ஜன்னலைத் தடவினார். ஈரச் சுவர்போல் நின்றது சாம்பல். அதற்கப்பால், ரொம்ப தூரத்தில் போலக் குரல்.

"மாப்பிள்ளை! உசிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்!"

"அப்போ உள்ளேருந்தும் தோண்டுங்க. எல்லாத்தையும் நானேவா செய்யணும்?"

மேஸ்திரி பத்து விரல்களையும் சாம்பலுக்குள் விட்டுப் பறிக்கத் தொடங்கினார்.