கேள்வி எழவில்லை

பன்னிரண்டு மணிக்கு மேல்தான் பார்லிமென்ட் பதில் இணையத்தில் ஏறும் என்று சத்தியநாதன் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். ஆனாலும் பத்தரைக்கே மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்து, கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக உட்கார்ந்திருந்தார். எதிரில் பியூலா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டு இரண்டு நாளாகியும் தெருவில் கணுக்கால் தண்ணீர் வடியவில்லை. பைக்குகள் போகும்போதெல்லாம் அது கேட்டில் வந்து மோதிவிட்டுத் திரும்பியது.

"மந்திரி எந்திரிச்சு நின்னு படிப்பாரா?" என்று கேட்டாள்.

"நட்சத்திரம் போட்ட கேள்விக்குத்தான் அது. நம்மது எழுத்துல. மேசையில வச்சிருவாங்க."

"வச்சிட்டு?"

"வச்சா அவ்வளவுதான். வச்சாலே பதில் சொன்ன மாதிரி."

"யாரும் வாயைத் திறந்து அவன் பேரைச் சொல்ல மாட்டாங்க."

"கேள்வியிலயே பேர் கிடையாது பியூலா. எத்தனை தடவை சொல்றது."

எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது மட்டும் மனதில் ஏறவில்லை. மகன் எபி போய் ஒரு வருஷம் ஒன்பது மாதம் ஆகிறது. திருமுடிவாக்கத்தில் இரும்புச் சட்டங்கள் செய்கிற ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தான். சங்கிலி அறுந்து, மேலே தூக்கிய சட்டம் அவன் தோளில் இறங்கியது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். அடக்கத்துக்குப் பட்டறையிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. அதற்கடுத்த வாரம் அவர்கள் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: எபினேசர் என்பவர் எங்கள் ஊழியரே அல்ல, அளவெடுக்க வெளியிலிருந்து வந்தவர், அனுமதியில்லாமல் உள்ளே போனவர். பதினான்கு மாதம் தினமும் காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு போனவனை, வழி தவறி உள்ளே நுழைந்தவன் என்று எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து வழக்கு நடக்கிறது. நடக்கிறது என்பதற்கு வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பியூலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அங்கே வேலை பார்த்தான், அங்கே வேலை பார்க்கும்போது அடிபட்டுச் செத்தான் என்று எங்காவது, யாராவது, முத்திரை உள்ள ஒரு தாளில் எழுத வேண்டும்.

கேள்வி கேட்கிற யோசனை அவர்கள் வக்கீல் ஈவ்லின் சொன்னது. "கவர்ன்மென்ட்டே பார்லிமென்ட்ல, இந்த ஏரியாப் பட்டறைகள்ல இத்தனை டெத் நடந்திருக்குன்னு பதில் குடுத்தா, அவங்க ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருந்தாலும் நிக்காது அங்கிள்." எம்.பி.யின் தாம்பரம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஃபிரெடி, சர்ச்சில் இவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சொன்னான்: "நீங்களே எழுதிக் குடுத்துருங்க அங்கிள். உங்களைவிட யாருக்குத் தெரியும்? சார் கையெழுத்துப் போட்டுருவார்."

அது உண்மைதான். சத்தியநாதன் ஒரு மத்திய அரசுத் துறையின் சென்னை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். கடைசிப் பதினொரு வருஷம் அவருக்குப் பார்லிமென்ட் சீட். உறுப்பினர்கள் எழுத்தில் கேட்கிற கேள்விகளுக்கு, மந்திரியின் பெயரில் போகிற பதிலுக்கான விவரத்தைத் திரட்டி டெல்லிக்கு அனுப்புகிற மேசை. நோட்டீஸ் எத்தனை நாள் முன்னால் போக வேண்டும், எத்தனை வார்த்தைக்குள் கேட்க வேண்டும், எதைக் கேட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தனி ஆளின் பெயர் வரக் கூடாது. கோர்ட்டில் இருக்கிற விஷயம் என்று தெரியவே கூடாது. இரண்டு ராத்திரி எழுதி அடித்து, கடைசியில் ஒரு துளி கண்ணீர் இல்லாத மூன்று பிரிவாக அதை ஆக்கினார். கடந்த மூன்று ஆண்டுகளில் சென்னையின் தெற்குப் புறநகர்த் தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளில் உயிரிழப்புகள் ஏதும் நிகழ்ந்தனவா. நிகழ்ந்திருப்பின் அவற்றின் விவரங்கள் யாவை. தடுக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் யாவை.

வாசித்துப் பார்த்துவிட்டு பியூலா அன்று கேட்டாள். "இது யாரைப் பத்திங்க?"

பன்னிரண்டே முக்காலுக்குப் பதில் ஏறியது. சத்தியநாதன் வாய்விட்டு வாசிக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். பியூலா கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றாள். முப்பது வருஷம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவள், ஒரு பக்கத் தாளை வாசிக்க அவளுக்கு யார் உதவியும் வேண்டியதில்லை. மேலே கேள்வி, அவர் எழுதினபடியே, ஒரு கமா கூட மாறாமல். கீழே மந்திரியின் பெயர். அதன் கீழே இரண்டு வரி.

(அ) இல்லை.

(ஆ) மற்றும் (இ) மேற்கண்டதைக் கருத்தில் கொண்டு, கேள்வி எழவில்லை.

"ஏங்க," என்றாள். "இவ்வளவுதானா?"

"ம்."

"அடுத்த பக்கம் இருக்கான்னு பாருங்க."

"இல்ல பியூலா."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, அவரைக்காயை எடுத்தாள். நார் வரவில்லை. அப்படியே ஒடித்துப் போட்டாள்.

ஈவ்லினுக்கு இவர் அனுப்பவில்லை. அவளே பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். சத்தியநாதனுக்குக் காது மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"அங்கிள், நான் ஒளிக்க விரும்பல. இது இப்ப அவங்களுக்கு யூஸ் ஆகும்."

"எப்படிம்மா?"

"அவங்க லாயர் கண்ணுல பட்டா இதையே கோர்ட்ல எக்ஸிபிட்டா போடுவான். பட்டறைகள்ல சாவே நடக்கலன்னு கவர்ன்மென்ட்டே சொல்லுதுன்னு வாதாடுவான். அவங்களுக்கு இல்லாத சாட்சியை நாமளே கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடுச்சு அங்கிள். ஐடியா குடுத்ததே நான்தான். சாரி."

"நீ என்னம்மா பண்ணுவ."

போனை வைத்ததும் பியூலா சொன்னாள்: "அந்தப் பட்டறைக்காரன் கூட, செத்தான், ஆனா எங்க ஆள் இல்லன்னுதான் எழுதினான். இவங்க சாகவே இல்லங்கிறாங்க."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் சாப்பிட உட்காராமல் மேசையின் இரண்டு பக்கத்திலும் அப்படியே இருந்தார்கள்.

இரண்டு மணி வாக்கில் யக்ஞநாராயணன் கூப்பிட்டான். சத்தியநாதன் ஓய்வு பெற்றபோது அந்த மேசைக்கு வந்தவன். காலையில் இவரே அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தார் என்பது பியூலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சத்யா சார், நமஸ்காரம். அது உங்க கேள்வியா? சத்தியமா எனக்குத் தெரியாது சார். பார்த்ததும் நெனச்சேன், யாரோ நம்மாளு எழுதியிருக்கான், இவ்வளவு நீட்டா இருக்கேன்னு."

"எப்படி 'இல்லை' வந்துச்சு யக்ஞம்?"

"டெல்லில இருந்து போன வாரம் ஒரு நாள் காலம்பற பதினொன்றரைக்கு மெயில். சாயந்திரம் நாலு மணிக்குள்ள விவரம் வேணும்னு. ஃபீல்ட் ஆபீஸ் எல்லாத்துக்கும் அடிச்சேன். மூணு பேர் 'நில்'னு, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிச்சா. உங்க ஏரியாக்காரன் லீவு. பக்கத்து சீட்டு மிருதுளா, எனக்குத் தெரியாது சார்ங்கறா. மணி நாலு. வராத எடத்துல நில் போடறதுதானே சார் வழக்கம்? உங்க மாடல் ஃபைல்ல இருந்துதான் எடுத்தேன். அந்த லெட்டரே உங்க டிராஃப்ட்தான் சார்."

"சரியாத்தான் போட்டிருக்க."

"சார், அப்படிச் சொல்லாதீங்கோ."

"திருத்த அறிக்கைக்கு எழுதலாமில்ல? முன்னாடி குடுத்த பதில் தப்புன்னு."

யக்ஞநாராயணன் குரலைத் தாழ்த்தினான்.

"எழுதலாம் சார். ஆனா யார் தப்புன்னு மொதல் பாராவுல கேப்பா. எனக்கு ரிடையராக இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"புரியுது."

"மாமிகிட்ட நான் கூப்ட்டதாச் சொல்லுங்கோ."

பியூலா போனையே பார்த்தாள். அவன் குரலில் கெட்டது எதுவும் இல்லை. எபி அடக்கத்துக்கு வந்து, கடைசிவரை நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவன். அவளால் ஒருவரையும் திட்ட முடியவில்லை.

"வராத எடத்துல நில்லா?" என்றாள்.

"நாலு மணிக்குள்ள அனுப்பணும். இல்லாட்டி மெமோ. யாரும் பதில் சொல்லலைன்னா, ஒண்ணும் நடக்கலைன்னு எடுத்துக்கறது. எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான்."

"நீங்களும்?"

"நானும்."

"எத்தனை தடவை?"

"அதையெல்லாம் யார் எண்ணினா."

"நீங்க எல்லாத்தையும் எண்ணி வைக்கிற ஆளுங்க."

சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது. தெருவில் ஒரு பஸ் ஹார்னை அழுத்தியபடியே ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தவர்போல் பேச ஆரம்பித்தார்.

"ஒரு அம்மா வந்துச்சு ஆபீசுக்கு. பத்தொன்பது வருஷம் இருக்கும். சாயப்பட்டறைத் தொட்டியில இறங்கிச் செத்த ஆளோட சம்சாரம். யூனியன்காரன் எவனோ பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்திருக்கான். அதுலயும் இல்லைன்னுதான் இருந்துச்சு."

"நீங்க போட்ட இல்லை."

"நான் போட்டது. அது படிக்கத் தெரியாத அம்மா. தாளை நீட்டிக் கேட்டுச்சு, 'சார், இதுல இன்னா போட்டுக்கீது?' அப்படி யாரும் சாகலைன்னு போட்டிருக்குன்னேன். 'எவன் சார் அப்டி எழுதுனது?'ன்னுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"மந்திரின்னேன். கீழே பேர் இருக்குல்ல, அதைக் காட்டினேன்."

பியூலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு அந்தம்மா, 'மந்திரிக்கு எங்கூட்டுக்காரரு செத்தது எப்டி சார் தெரியும்? இங்க கீறவங்க சொன்னாத்தானே தெரியும்? நீங்க சொல்லலியா?'ன்னு கேட்டுச்சு. நான் கேன்டீனுக்கு எந்திரிச்சுப் போயிட்டேன். வர்றப்பவும் லிஃப்ட் பக்கத்து பெஞ்சுல உட்கார்ந்திருந்துச்சு. அஞ்சரைக்கு நான் பின்பக்கப் படி வழியா இறங்கி வந்துட்டேன்."

"இதை ஏன் எங்கிட்ட சொன்னதில்ல?"

"சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இருந்ததா அப்பத் தோணல."

அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போகிறாள் என்று அவர் நினைத்தார். ஆனால் எபியின் அறைக்குள் போய், அளவு எழுதுவதற்கு அவன் வைத்திருந்த வெள்ளைத் தாள்களில் ஒன்றும், இரும்பு ஸ்கேலும், பேனாவுமாக வந்தாள். அவரைக்காய்த் தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் அவர் முன் வைத்தாள்.

"எழுதுங்க."

"என்னத்த?"

"பதிலை. சரியான பதிலை. எப்படி எழுதறதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

"எழுதி எங்க அனுப்பறது பியூலா?"

"எங்கயும் அனுப்ப வேண்டாம். எழுதுங்க."

அவர் சண்டை போடவில்லை. கண்ணாடியை மாட்டினார். தாளின் தலைப்பில் கேள்வி எண்ணை எழுதினார், தேதி போட்டார். கை பழகின வேகத்தில் (அ) வரைக்கும் வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேனா முனை தாளைத் தொடாமல் மேலேயே இருந்தது. பிறகு 'ஆம்' என்று எழுதினார். எழுதிவிட்டு, வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் பார்த்தார். (ஆ) விவரங்கள் கீழே என்று எழுதி, ஸ்கேலை வைத்துக் கட்டம் போட ஆரம்பித்தார். வரிசை எண், பெயர், வயது, நாள், விபத்து நடந்த இடம். ஒன்று என்று போட்டார்.

"பெயர்?" என்று கேட்டார். அது வீட்டில் கேட்கிற குரல் இல்லை.

"எபினேசர். இனிஷியல் போடுங்க."

"வயசு?"

"தெரியாதா உங்களுக்கு?"

"சொல்லேன்."

"இருபத்தெட்டு. ஜூன் வந்திருந்தா இருபத்தொன்பது."

நாளை அவரே எழுதிக்கொண்டார்.

"இடம்?"

"பட்டறைக்குள்ள. உள்ளன்னு எழுதுங்க. வாசல்னு எழுதிராதீங்க."

எழுதினார். பேனாவை மூடவில்லை. ஸ்கேலைக் கீழே இறக்கி இன்னொரு கோடு இழுத்தார். இரண்டு என்று போட்டார்.

"அந்தம்மா பேர் என்ன?" என்று பியூலா கேட்டாள்.

"கேக்கல."

"வீட்டுக்காரர் பேரு? கேள்வியில இல்ல, சரி. அந்தம்மா கூடவா சொல்லல?"

"சொல்லிச்சு. சொல்லிச்சு பியூலா. நான் காதுல வாங்கிக்கல."

அந்தக் கட்டத்தில், அலுவலகத்தில் விவரம் இல்லாதபோது போடுகிறபடி, ஒரு சின்னக் கோடு போடப் போனார். பியூலா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கோடு போடாதீங்க. காலியா இருக்கட்டும்."

விட்டுவிட்டார். அடுத்த கோட்டை இழுத்தார், மூன்று என்று போட்டார். அதற்குக் கீழே நான்கு. அது யார், இது யார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, பெயர்க் கட்டத்தின் பக்கம் அவர் பேனா போகவே இல்லை. எண்ணை மட்டும் போட்டு, ஸ்கேலை ஒரு விரல் அகலம் கீழே நகர்த்தி, கோட்டை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நிதானமாக இழுத்து, மறுபடி நகர்த்தினார். தாள் முடிந்தபோது தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டினார். பியூலா அடுத்த தாளை எடுத்து வர உள்ளே போனாள்.