கால்தோ என்றால் என்ன

ஜெர்லாந்தோவுக்குக் குளிர்கிறது என்று கண்டுபிடித்தவள் வீப்கே. அந்தப் பெருமையோடுதான் அன்று மத்தியானம் வேலை முடிந்து சைக்கிளை எடுத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். சிசிலியிலிருந்து வந்து, இந்த ஊர்க் கார் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் ஜெர்மன் பேசி உழைத்த மனுஷன். ஆகஸ்டில் வந்த பக்கவாதம் வலது கையையும் ஜெர்மனையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இத்தாலியன். அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் அது யாருக்குத் தெரியும்? அங்கே வேலை பார்க்கும் வீப்கேதான் ஃபோனில் பாடங்களை இறக்கி, வர இருபது நிமிஷம், போக இருபது நிமிஷம் என்று சைக்கிளில் கேட்டுக்கொண்டே கற்றாள். குரல்காரன் இத்தாலியனில் ஒன்று சொல்வான். நாலு நொடி சும்மா இருப்பான். அதற்குள் இவள் ஜெர்மனில் சொல்ல வேண்டும். பிறகு சரியான விடையை அவனே சொல்வான். தெருவில் போகிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், வீப்கே சத்தமாகத்தான் பதில் சொல்வாள்.

அன்று ஒன்றரை மணிக்கு ஜெர்லாந்தோ நடுங்கிக்கொண்டு கிடந்தார். "கால்தோ... கால்தோ..."

ஜெர்மனில் குளிருக்குக் 'கால்ட்'. இதற்குப் பாடம் வேறு வேண்டுமா? ஜன்னலைச் சாத்தினாள். இரண்டு ரஜாய் போர்த்தி, காலடியில் வெந்நீர்ப் பை வைத்தாள். அவர் இடது கையால் தள்ளத் தள்ள இவள் இழுத்து இழுத்துச் செருகினாள். அவர் கத்தினார்.

"புரியுதுங்க ஐயா, புரியுது. செத்த நேரத்துல சரியாயிடும்."

மத்தியான முறை வேலைக்கு வந்த சக ஊழியன் ஹாயோ வாசலில் நின்று சிரித்தான். "அடேங்கப்பா! இன்னும் ரெண்டு வாரத்துல ரோமுக்கே போய்ப் பாடம் எடுப்ப போலிருக்கே!"

"பொறாமைப்படாத," என்று சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினாள்: குளிருது என்கிறார். நன்றாகப் போர்த்தவும். விலக்க விடாதீர்கள்.

கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போது ஒன்பதாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஹோ கால்தோ," என்றான் குரல்காரன்.

"எனக்குக் குளிருது!" நாயோடு வந்த யாரோ ஓர் அம்மா திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

நாலு நொடி.

"எனக்குச் சூடா இருக்கு," என்றான் அவன்.

பிரேக்கைப் பிடித்த வேகத்தில் விழப் பார்த்தாள். சூடா? நடுக்கம் காய்ச்சல் ஏறுகிற நடுக்கமா? கொதிக்கிற உடம்பைப் போர்த்தி, தள்ளின கையையும் உள்ளே செருகி, விலக்க விடாதே என்று எழுதியும் வைத்துவிட்டு வந்திருக்கிறாளே, பாவி!

இல்லத்துக்கு ஃபோன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காபியும் கேக்கும் நேரம், எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருப்பார்கள். சைக்கிளைத் திருப்பினாள். எதிர்க்காற்று. இழவெடுத்த காற்று, இன்றைக்கா வர வேண்டும்? காதில் அவன் விடாமல் பாடம் நடத்தினான். "மறுபடி சொல்லுங்கள். ஹோ கால்தோ." இயர்ஃபோனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் திணித்தாள்.

அறையில் ஜெர்லாந்தோமேல் இப்போது மூன்று ரஜாய். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. கண் மூடியிருந்தது. சத்தமில்லை.

"ஹாயோ!"

கிரீம் ஒட்டின வாயோடு ஓடி வந்தான். "என்ன? நீ எழுதினபடிதானே செஞ்சேன். இன்னொண்ணும் சேர்த்துப் போட்டேன்."

"தப்பா எழுதிட்டேன்டா. ஜன்னலைத் திற. ஆம்புலன்ஸுக்கு அடி. ஓடு!"

ரஜாய்களை வாரித் தரையில் எறிந்தாள். காய்ச்சல் நாற்பது புள்ளி மூன்று டிகிரி செல்சியஸ். ஈரத் துணியை நெற்றியில் வைத்து, காதருகே குனிந்தாள்.

"ஹா கால்தோ?" சூடா இருக்கா?

காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பதில் இல்லை. இங்கே விடை சொல்லித் தரக் குரல்காரன் இல்லை. ஏழு, எட்டு. சொல்லுங்க ஐயா, திட்டவாவது செய்யுங்க. பதினொன்று.

"ஸி," என்றார் ஜெர்லாந்தோ. ஆமாம்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்கூஸி," என்றாள். மன்னியுங்கள். ரயில் நிலையத்துக்கு வழி கேட்பதற்காக முதல் பாடத்தில் சொல்லித் தந்த வார்த்தை. அவர் இடது கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

ஆம்புலன்ஸ்காரி ஆக்சிஜன் வைத்தாள். "நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. நேரத்துக்குப் பிடிச்சீங்க, தேறிடுவார்." ஸ்ட்ரெச்சர் நகரும்போது முகமூடிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"கால்தோ..."

"பாவம், குளிருதாம்," என்று ஆம்புலன்ஸ்காரி கம்பளியை எடுத்தாள்.

வீப்கே கம்பளியைப் பிடுங்கினாள். குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி, அவர் மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள்.

இவர் 'கால்தோ' என்றால் சூடு.