கறை விடாத ஆயில்

அன்புசெல்வி பொனட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, இஞ்சினுக்குள் இருந்த ஆயில் அளவுக்கம்பியை உருவினாள். நுனியில் பொட்டு ஈரம்கூட இல்லை. கையில் கிடைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். அப்போதும் காய்ந்துதான் வந்தது. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தால், தரையில் முறம் அகலத்துக்குக் கருப்பாக ஊறிக் கிடந்தது. தீபாவளி ஆர்டர் அவசரத்தில் இருபது நாளாக யாரும் வண்டிப் பக்கமே திரும்பவில்லை. இருந்த ஆயில் அத்தனையும் சொட்டிச் சொட்டியே தீர்ந்திருக்கிறது. நாசமாய்ப் போன கார், இன்றைக்குத்தானா காலை வார வேண்டும்!

பின்சீட்டில் அப்பா ராசப்பன் சாய்ந்து கிடந்தார். சட்டையெல்லாம் வேர்வை. அம்மா மருதாள் அவர் நெஞ்சைத் தடவிவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். சற்று முன்னால்தான் அவிநாசி டாக்டர் ஸ்கூட்டரில் வந்து, நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்து, "அட்டாக்குங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள கோயமுத்தூர் கொண்டு போயிருங்க. அவரை அசைய மட்டும் விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார், மகராசன். எதில் கொண்டு போவது? தீபாவளிக்கு மறுநாள். போனஸ் வாங்கிய கையோடு கம்பெனி ஆட்கள், டிரைவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிப் போய், திருப்பூர்ச் சுற்றுவட்டாரமே துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தால், வந்து சேரவே ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். டாக்சிக்காரர்கள் மூன்று பேருக்குப் போன் அடித்ததில் ஒருவன் மட்டும் எடுத்து, "நான் அமராவதி நகர்ல மாமியாரூட்ல இருக்கறனுங்க அம்மிணி" என்றான். மெக்கானிக் ரத்தினசாமியின் செல் அணைந்து கிடந்தது. மிச்சம் இருந்தது அப்பாவின் இந்த எழுபத்திரண்டாம் வருஷத்துப் பியட் மட்டும்தான்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். வண்டிக்குள் என்ன ஊற்றுவது என்பது அப்பாவின் பாடு. ஆயில் வாங்க அவிநாசிக்குப் போனால் கடைக்காரரிடம் அரை நாள் நின்று வாதாடுவார். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாரு" என்று அம்மா கேலி பேசுவாள். ஏதோ உசத்தியான ஆயிலாக வேண்டும் என்பது மட்டும் அன்புசெல்விக்குப் புரிந்திருந்தது. அந்தக் கடையும் பூட்டிக் கிடக்கும் இன்றைக்கு.

வீட்டை ஒட்டியே அவர்களுடைய நிட்டிங் ஷெட். துணி பின்னுகிற மிஷின் நான்கு. பதினைந்து வருஷமாக அதை நடத்துகிறவள் அவள்தான். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மூலையில் இரண்டு டின்கள் இருந்தன. ஒன்று, போன தடவை காரிலிருந்து வடித்த பழைய ஆயில். தார் மாதிரிக் கருப்பு. கேட்டுக்கும் செயினுக்கும் ஆகும் என்று அப்பா எடுத்து வைத்தது. மற்றது நீடில் ஆயில். பின்னல் மிஷினின் ஊசிகளுக்குச் சொட்டுவது. பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். துணியில் பட்டாலும் அலசினால் போய்விடும். சீல் பிரிக்காத புது டின்.

யோசிக்க என்ன இருக்கிறது? கருப்பு ஆயில் என்றாலே அவளுக்கு ஆகாது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுக் கருப்பு விழுந்தால் போதும், வாங்குகிறவர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பி வாசலில் வீசிவிட்டுப் போவார்கள். எத்தனை பேரை அந்தச் சொட்டுக்காக அவள் வாயில் வந்தபடி திட்டியிருக்கிறாள்! அவள் கை தானாக நல்ல டின்னுக்குப் போனது. இவ்வளவு நுணுக்கமான ஊசிக்கே ஆகிற ஆயில், இந்தக் கிழட்டு இஞ்சினுக்கு ஆகாதா?

பொனட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு மூன்று லிட்டரையும் கவிழ்த்தாள். கம்பியில் அளவு ஏறிவிட்டது. "முருகா, கொண்டுபோய்ச் சேத்திரு" என்று சாவியைத் திருகினாள். வண்டி உறுமிக் கிளம்பியது.

நெடுஞ்சாலை வெறிச்சென்று இருந்தது. வாழ்நாளில் அவள் அப்படி ஓட்டியதில்லை. கண்ணாடியில் அப்பாவின் முகம் சாம்பலாகத் தெரியத் தெரியக் கால் தானாக அழுந்தியது. பத்து மைல் போயிருக்கும். ஆயிலுக்கான சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைந்தது. பிறகு அணையவே இல்லை. பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன செய்ய? நிறுத்தினால் அப்பா போய்விடுவார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுதுகொண்டே மிதித்தாள். அடியில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. சத்தம் பெரிதாகி, ஒரு உலுக்கு உலுக்கி, வண்டி கருமத்தம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது. சாவியைத் திருகினால் கடக்கென்று ஒரு சத்தம். அதோடு சரி.

நடுரோட்டில் நின்று அப்பாவின் துண்டை வீசினாள். ஒரு கார் விலகிப் போனது. இன்னொன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. "நிறுத்துங்கய்யா! உங்க காலுல உளுகறேன்!" என்று கத்தியதில் தொண்டை கிழிந்தது. ஓடிவந்து பின்கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"அப்பா, நம்ம நீடில் ஆயிலத்தான் ஊத்துனேன். தப்புங்களாப்பா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நல்ல ஆயிலுதான் கண்ணு" என்றார்.

கடைசியில் ஒரு பால் வண்டி நின்றது. டிரைவர் மூக்கையா தெற்கத்திக்காரர். இறங்கி வந்து அப்பாவைத் தூக்கக் குனிந்தவர், தூக்காமலே நிமிர்ந்தார். "முடிஞ்சு போச்சே தாயி" என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் தம்பி பிரதீப் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். வாசல் பந்தலில் சொந்தக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "ஓட்டை வண்டிய இத்தனை வருசம் கட்டிக்கிட்டு அழுதாரு, அதே அவரைக் கொண்டு போயிருச்சு." அன்புசெல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். நல்ல ஆயிலுதான் கண்ணு, நல்ல ஆயிலுதான் கண்ணு என்று ராத்திரியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லித்தான் அவள் விடியவைத்திருந்தாள். அது மட்டும் இல்லையென்றால் கிணற்றைத் தேடிப் போயிருப்பாள்.

டிராக்டரில் கயிறு கட்டிக் காரை இழுத்து வந்த ரத்தினசாமி, அதை ஷெட்டுப் பக்கம் விட்டுவிட்டு நேரே பிரதீப்பிடம் வந்தார். இஞ்சின் ஆயிலைத் தொட்ட விரலை மூக்கில் வைத்து மோந்தபடி வந்தார். மனுசனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, எவன் ஊத்துனானுங்க இதுக்கு நீடில் ஆயில? தண்ணிங்க அது! சூடேறுனா பேரிங்கு எப்பிடித் தாங்கும்? பழைய வண்டிக்குக் கெட்டியா இருக்கோணுமுங்க. ஷெட்டுக்குள்ள அண்ணன் வடிச்சு வெச்ச கருப்பு ஆயிலு அப்பிடியே கெடக்குது. அழுக்கா இருந்தா என்னங்க? அதை ஊத்தியிருந்தா கோயமுத்தூரு போயிட்டுத் திரும்பியே வந்திருக்கும்."

பிரதீப் கேட்டான், "யாரு ஊத்துனது?"

வேலைக்கு வந்த எவன் பெயரையாவது சொல்லியிருக்கலாம். எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள், யார் வந்து மறுக்கப் போகிறார்கள்?

"நாந்தான்" என்றாள் அன்புசெல்வி.

பிரதீப் எழுந்து பந்தலை விட்டு வெளியே போனான். ரத்தினசாமிக்கு முகம் செத்துவிட்டது. "அம்மிணி... தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. வண்டிக்கும் வயசாயிருச்சு பாருங்க" என்று குழறினார். அதை யார் நம்புவது?

அவள் உள்ளே ஓடி அம்மாவின் மடியில் விழுந்தாள். "அம்மா, நாந்தாம்மா கொன்னுபோட்டேன். தெரிஞ்சேதான் அப்பா நல்ல ஆயிலுன்னு சொல்லீருக்காரு. என்னை அடிம்மா. நாலு அடி அடிச்சிரும்மா."

மருதாள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நீ பொனட்டுக்குப் பின்னால நின்னயல்ல, உனக்குத் தெரியல. நீ கொண்டாரப்பவே அவுரு அந்த டின்னைப் பாத்துட்டாரு கண்ணு. 'கருப்பு டின்னு, கருப்பு டின்னு'ன்னு கதவத் தொறந்து எறங்கப் போனாரு. நான் வலியில பொலம்பறாருன்னு நெனச்சுட்டேன். டாக்டரு அசையக் கூடாதுன்னாரல்ல. 'பேசாதீங்க, பேசாதீங்க'ன்னு நாந்தான் வாயப் பொத்தி இழுத்து உக்கார வெச்சேன்."

அன்புசெல்வி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். வெளியே யாரோ, வாய்க்கரிசிக்கு நேரமாச்சு, ஊட்டுப் பொம்பளைங்க மொதல்ல வாங்க என்று கூப்பிட்டார்கள்.

இருவரும் எழுந்து போனார்கள். மருதாளின் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அவள் குனிந்து அவர் வாய்க்கு அருகில் கையைக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. "போடுங்க சாமி" என்றார் ஒருவர். கை அசையவில்லை. அன்புசெல்வி அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். அரிசி விரலிடுக்கு வழியாக அவர் மார்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள்.