பெரட்டுக்கு வந்த கற்கள்

1998 ஆனி மழையில் ஒரு திங்கட்கிழமை காலை, துரையின் பங்களா வாசலில் பதித்திருந்த கறுப்பு வெள்ளைக் கற்கள் பெயர்ந்து வந்து, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றன. பொகவந்தலாவைக்கு மேலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அன்று கொழுந்து நன்றாக இருந்தது.

துரை முந்தைய ஆண்டு லிஸ்பனுக்குப் போய்வந்தவர். அங்கே பழைய தெருக்களில் சிறு கற்களை அலையலையாகப் பதித்திருந்தார்களாம். அவ்வளவு அழகைக் கண்டவர் சும்மா இருக்க முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பாதைக்குக் குவித்திருந்த கருங்கல்லைப் பங்களாவுக்கு ஏற்றினார்; வெள்ளைக்கு வெங்கச்சங்கல் வாங்கினார். அந்தப் பாதையில்தான் தொழிலாளி வீரய்யாவின் மனைவியைப் பிள்ளைவலியோடு கம்பளியில் தூக்கிப் போனார்கள். சேற்றில் சறுக்கினார்கள். டிக்கோயா ஆஸ்பத்திரியை அடைந்தபோது அவசரம் எதுவும் மிஞ்சவில்லை. பங்களாவில் கல் பதித்தவனும் வீரய்யாதான். உத்தரவு. இப்போது அவன் தங்கை நாகலெட்சுமி நிறைமாதம்.

பெரட்டுக்கு நேரத்தோடு வந்தவரை வேலை கொடுக்காமல் திருப்பக்கூடாது என்பது தோட்டத்து வழக்கம். கற்களுக்கு அதில் விலக்கு இல்லை. கணக்கப்பிள்ளை செல்லசாமி யோசித்தார்.

"கூடை குடுங்கய்யா, கொழுந்தெடுக்கட்டும்," என்றாள் கொழுந்துக்கு வந்து நின்ற ராக்காயி.

"சும்மா இரு புள்ள. வீரய்யா, இதுகளுக்கு என்னா வேல தெரியும்?"

"படுத்துக் கெடக்கத் தெரியுங்க."

"அப்ப ஆபீசுல போடுங்க, தொரைக்குத் தொணையா!" என்றாள் ராக்காயி.

செல்லசாமி சிரிக்காமல் அவற்றை லயத்துப் பாதைக்கு அனுப்பினார். கற்கள் போய், அலை பிசகாமல் படுத்துக்கொண்டன. துரை பிடுங்கிவந்து பங்களா வாசலில் பதித்தார். மறுநாள் அவை மறுபடி பெரட்டில் நின்றன. ஆடி பிறக்கும்வரை இப்படியே நடந்தது. கொழும்பிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி அவற்றின் நேரந்தவறாமையைப் பாராட்டினார். தொழிற்சங்கம் சந்தா கேட்டுப் பார்த்தது. கடைசியில் துரை கற்களைச் சீமெந்தில் இறுக்கினார்.

மறுநாள் காலை நாகலெட்சுமிக்கு வலி கண்டது. பெரட்டில் கற்கள் இல்லை. வீரய்யா பங்களா வாசலுக்குப் போனான்.

"எந்திரிங்கடா. பெரட்டு முடியப்போவுது."

சீமெந்து வெடித்தது. கம்பளியைத் தூக்கியவர்கள் லயத்து வாசலுக்கு வருமுன் பாதை விரிந்துகிடந்தது. அவர்கள் நடக்க வேண்டியிருக்கவில்லை. அலைகளே ரோட்டு வரை கொண்டுபோய் விட்டன. டிக்கோயாவில் பெண்பிள்ளை பிறந்தது.

துரை இப்போது சேற்றில் இறங்கித்தான் ஜீப் ஏறுகிறார். செல்லசாமி பெரட்டில் கற்களையும் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறார். வீரய்யா மட்டும் அவற்றின்மேல் கால் வைப்பதில்லை. ஓரத்துச் சேற்றிலேயே நடக்கிறான். கற்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.